இடக்கை காட்டிய வழி

ஃப்யூஷன் என்று அச்சிட்ட இசைத்தட்டைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வரும். இரண்டு வகை வாத்தியக்காரர்களை ஒரே மேடையில் உட்காரவைத்து, ஆளுக்கு நாலு நிமிடம் வித்தை காட்டச் சொன்னால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். பாடகி ஜோனி மிட்சல் 1976 நவம்பரில் வெளியிட்ட ‘ஹெஜிரா’ ஆல்பம் அந்த ரகம் இல்லை. அவர் ஜாஸ் பக்கம் போனது ஆசைக்காக மட்டுமல்ல; அவருடைய பாட்டு வேறெங்கும் அடங்க மறுத்தது.

காரணம் அவருடைய இடக்கை. கனடாவில் சிறுமியாக இருந்தபோது, 9 வயதில் போலியோ வந்தது. பிறகு கிட்டார் பழகியபோது வழக்கமான கார்டுகளைப் பிடிக்க அந்தக் கையில் வலுவில்லை. விரலை வருத்துவதற்குப் பதில் கம்பிகளின் சுருதியையே மாற்றிக்கொண்டார். டஜன் கணக்கில் புதுப்புதுச் சுருதி அமைப்புகள். பிடிப்பது எளிது, எழும் ஒலியோ முடிவுக்கு வராமல் அந்தரத்தில் நிற்கும். ராக் வாத்தியக்காரர்கள் திணறினார்கள். ஜாஸ் வாசிப்பவர்களைத் தேடிக்கொள் என்று அவர்களில் ஒருவரே சொன்னதாக ஜோனி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1974இல் டாம் ஸ்காட்டின் ‘எல்.ஏ. எக்ஸ்பிரஸ்’ ஜாஸ் குழுவோடு ‘கோர்ட் அண்ட் ஸ்பார்க்’ ஆல்பம் வந்தது. அதிலிருந்த ‘ஹெல்ப் மீ’ அமெரிக்காவில் முதல் பத்துக்குள் நுழைந்தது.

அதே பாணியில் இன்னும் நாலு ஆல்பம் போட்டிருக்கலாம். அவரோ காரில் கிளம்பி மெய்ன் மாநிலம் வரை போய், அங்கிருந்து தெற்கே சுற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குத் தனியாகவே ஓட்டி வந்தார். ‘ஹெஜிரா’வின் பல பாடல்கள் அந்தப் பயணத்தில் பிறந்தவை. நெடுஞ்சாலை போல நீளும் வரிகள். திரும்பத் திரும்ப வந்து மனதில் ஒட்டும் பல்லவி கிடையாது. 1937இல் பசிபிக் கடல்மேல் காணாமல்போன விமானி அமீலியா இயர்ஹார்ட்டிடம் பேசுவதுபோல் ஒரு பாட்டு. அதில் டிரம்ஸும் இல்லை, பேஸ் கிட்டாரும் இல்லை. ஜோனியின் கிட்டார், லாரி கார்ல்டனின் கிட்டார், விக்டர் ஃபெல்ட்மனின் வைப்ரஃபோன், அவ்வளவுதான்.

வேறு நாலு பாடல்களில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வருகிறார். அப்போது அவருக்கு 24 வயது. அவருடைய பேஸ் கிட்டாரின் கழுத்தில் மெட்டுகள் (ஃப்ரெட்கள்) இல்லை. வீணைக்குப் பக்கத்தில் கோட்டுவாத்தியம் எப்படியோ அப்படி: ஒலி படியேறாது, வழுக்கிக்கொண்டு போகும். பேஸ் வாசிப்பவர் அடியில் தாளத்தோடு கிடந்து பாட்டைத் தாங்கவேண்டும் என்பது வழக்கம். ஜாக்கோ மேலேறி வந்து பாடகியோடு பேசுகிறார். அந்த நாலில் ஒன்றான ‘கயோட்டி’யில் ஜோனி மூச்சு வாங்கும் இடைவெளிகளில் அவர் ஏதோ சொல்லிவிட்டு நகர்கிறார், வரி தொடங்கியதும் வழிவிடுகிறார். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை, போட்டியும் இல்லை.

‘கயோட்டி’ தனிப்பாடலாக வெளிவந்து பெரிய ஹிட் ஆகவில்லை. அதற்காக ஜோனி பழைய பாணிக்குத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு வெய்ன் ஷார்ட்டரின் சாக்ஸஃபோன் சேர்ந்தது. 1979இல் மறைந்த ஜாஸ் இசைக்கலைஞர் சார்லஸ் மிங்கஸின் மெட்டுகளுக்கு வரிகள் எழுதி ஓர் ஆல்பமே போட்டார். வானொலி ரசிகர்கள் பலர் விலகிப் போனார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இரண்டு இசை சேரவேண்டுமென்றால் ஒன்றுக்கு மற்றொன்று இல்லாமல் முடியாது என்ற நெருக்கடி வேண்டும். அது இல்லாத ஃப்யூஷன் வெறும் விளம்பரச் சொல்.