டாட் ஏஐ, டாட் ஐஓ வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

டாட் காமில் நினைத்த பெயர் கிடைக்கலைன்னா, ஸ்டார்ட்-அப் இளைஞர்கள் அடுத்து தேடுவது டாட் ஏஐ, டாட் ஐஓ. ஆனால் இவை டெக் துறைக்காக உருவானவை அல்ல, இடங்களுக்கான குறியீடுகள்.

ஏஐ, கரீபியன் தீவான அங்குவிலாவுடையது. ஐஓ, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்துடையது. அந்தப் பிரதேசமான சாகோஸ் தீவுகளை மொரிஷியஸிடம் ஒப்படைக்க 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்திட்டது.

பிரதேசமே இல்லாமல் போனால்? யுகோஸ்லாவியா உடைந்தபின், அதன் டாட் ஒய்யு 2010-ல் மொத்தமாக மூடப்பட்டது.

டொமைன் சொந்த வீடு அல்ல, வாடகை வீடு. டாட் ஏஐ-க்கு குறைந்தது 2 வருட வாடகை முன்கூட்டியே கட்டணும். விற்று லாபம் பார்க்க நினைப்பவர்களும், ஆள் வரும்வரை புதுப்பித்துக்கொண்டே இருக்கணும். ஆஃபரை மட்டும் பார்க்காதீங்க. புதுப்பிக்கும் கட்டணத்தையும், அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது யார் என்பதையும் பாருங்க.