கூரை வார்க்குமுன்

"கையிலுள்ள தொகைக்கு ஒரு மோல்டு வீடு கட்டிக்கொள்ள இயலுமா?" என்று அன்பர் பலர் நம்மைக் கேட்கின்றனர். மாரிகுப்பத்தில் வண்டி புறப்படக் காத்திருக்கும் நேரத்தில் கேட்பாரும் உண்டு. சங்கக் கூட்டம் கலைந்தபின் வாசலில் நிறுத்திக் கேட்பாரும் உண்டு. நாம் பொறியியல் கற்றோமில்லை. ரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கிறோம். ஆயினும், பணம் எங்கே கரைகிறது என்பது கணக்கெழுதுவோன் கண்ணுக்குத் தப்பாது. நாம் பார்த்த அளவில், வீடு கட்டுவோர் பலர் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு முன்னதாகவே செலவிட்டுவிட்டு, தெரியாத பகுதிக்குக் கைபிசைகின்றனர்.

வடஆர்க்காட்டினின்றும் சேலத்தினின்றும் சித்தூரினின்றும் நம் முன்னோர் இத்தங்கவயலுக்கு வந்தபோது வீடு என்பது கம்பெனி கொடுத்ததுதான். தட்டிச் சுவர்க் குடிசைகள் முதலில். பின்னர் வரிசை வரிசையாக லைன் வீடுகள். ஓர் அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிள்ளைப்பேறு. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி இருக்கிறது, வீடும் இருக்கும் என்ற நம்பிக்கையும் அன்றோடு ஆட்டங்கண்டது. விடியுமுன் பெங்களூருக்கு வண்டியேறி இரவில் திரும்புவோர் மிச்சம் பிடித்ததும், முதியோரின் வைப்பு நிதியும் ஒன்றுசேர்ந்தே இன்று இங்குக் காங்கிரீட் வீடுகளாக எழுகின்றன. அது ஒரு குடும்பத்தின் ஒரே முதல். இழந்தால் மறுமுறை சேர்ப்பதற்கு ஆயுள் போதாது.

ஆகையால் கொத்தனாரைத் தேடுமுன் பத்திரத்தைத் தேடுக. லைன் வீட்டில் மூன்று தலைமுறை குடியிருந்தோம் என்பது வேறு. அந்நிலத்தின் உரிமைப் பத்திரம் நம் பெயரில் இருப்பது வேறு. சுரங்க நிலம் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பெயரால் அமைந்தது. அங்கே பத்திரமின்றிச் சுவரை இடித்து மோல்டு போடுவது, பிறர் நிலத்தில் நம் வைப்பு நிதியைக் கொட்டுவதாகும். வெளியே மனை வாங்குவோரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும், நகரசபையில் கத்தாவும் பார்த்து, வரைபடத்திற்கு அனுமதியும் பெற்ற பின்னரே முன்பணம் எண்ணுதல் வேண்டும். "எல்லாம் சரியாக இருக்கிறது, அண்ணே" என்று தரகர் சொல்வது ஆவணமாகாது.

அடுத்தது மண். நம் ஊரின் நிலம் பிற ஊர் நிலத்தைப் போன்றதன்று. சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. சுரங்கத்தார் 'ஏர் பிளாஸ்ட்' என்று அழைத்த பாறை வெடிப்பால் வீட்டுப் பாத்திரங்கள் உருண்டதை முதியோர் இன்றும் சொல்வர். பம்புகள் நின்றபின் குழிகளில் நீர் ஏறிவிட்டது. பழைய குழியோ வெட்டோ அருகிலிருக்கும் இடத்தில் மனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டா. மற்ற இடங்களிலும் கடைக்காலை நன்றாக இறுகிய மண் வரை தோண்டிக் கருங்கல்லால் கட்டுக. கருங்கல்லுக்கு நம் கோலார்ச் சீமையில் பஞ்சமில்லை. பேஸ்மட்டத்தில் ஒரு காங்கிரீட் பெல்ட்டும், கதவு சன்னல்களுக்கு மேலே மற்றொன்றும் வீட்டைச் சுற்றிலும் அறாது ஓடவேண்டும். அசைவு வரின் சுவர்களை ஒன்றாகக் கட்டிப் பிடிப்பன அவையே. செலவைக் குறைக்கவேண்டி மேஸ்திரி முதலில் விட்டுவிடச் சொல்வதும் அவற்றையே!

மணல் விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஏரி மண்ணையும் வயல் மண்ணையும் கழுவி எடுத்த 'ஃபில்டர் மணல்' நம் மாவட்டத்தில் நெடுநாள் ஓடிய சரக்கு. அதில் களிமண் கலந்திருந்தால் சிமெண்டு பிடிக்காது. ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மணலும் மீதி நீருமாக இட்டுக் குலுக்கி, சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே சேறு தடித்துப் படிந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். சயனைட் மேட்டு மண் சும்மா கிடைக்கிறதே என்று பூச்சுக்குக் கலப்பாரும் உளர். அது ஆலையில் அரைத்த பாறையின் நுண்பொடி, மணலன்று. பிள்ளைகள் முதுகு சாயும் சுவரில் அது இருத்தல் தகாது.

இனி, மோல்டு போடும் நாள். 600 சதுர அடிக் கூரைக்கு 5 அங்குலக் கனம் எனில் 250 கன அடிக் காங்கிரீட் ஆகும். ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவையில் 55 முதல் 60 மூட்டை வரை செல்லும். இக்கணக்கை முன்னரே எழுதி வைத்துக்கொண்டால் மூட்டை குறைவதும் தெரியும், மிஞ்சுவதும் தெரியும். ஆனால் மூட்டையைக் காட்டிலும் நீரையே காவல் காக்கவேண்டும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் அளவில் நீர் போதும். கலவை இளகினால் வேலை எளிது என்று ஆட்கள் குடம் குடமாக ஊற்றுவர். ஊற்றிய நீர் வற்றியபின் அவ்விடம் நுண்துளையாகி மழைக்கு வழி விடும். கம்பி பலகையில் படாதபடி முக்கால் அங்குலத்துக்குக் குறையாத கவர் பிளாக்குகளை அடியில் வைக்கவேண்டும். இன்று பெயர்ந்து விழும் பழைய கூரைகள் பலவற்றில் நாம் காண்பது, கம்பி வெளியே தெரிந்து துருவேறி உப்பியிருப்பதே.

மறுநாள் தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துக. சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் குறைந்த அளவு. நம் ஊரின் வறண்ட காற்றுக்கு 14 நாள் நன்று. கூரையைத் தாங்கும் முட்டுகளை, அறையின் அகலம் 15 அடிக்குள் இருப்பினும் 7 நாளைக்கு முன் எடுத்தல் ஆகாது. மிகுந்தால் 14 நாள். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறதென்று நம் உறவினர் ஒருவரை அவசரப்படுத்திய மேஸ்திரி ஒருவரை நாம் அறிவோம். மிச்சமானது மூன்று நாள் வாடகை. நடுக்கூடத்தில் விழுந்த கீறல் இன்றும் இருக்கிறது. அண்ணியார் மழைக்காலந்தோறும் அதன்கீழே பாத்திரம் வைக்கிறார்.

வீட்டின் அளவைப் பற்றியும் ஒரு சொல். பெங்களூரில் கண்ட தூண்களையும் வளைவுப் பால்கனியையும் இங்கே 20க்கு 30 மனையில் ஏற்றினால், குடியிருக்க மிஞ்சுவது லைன் வீட்டு அளவுதான். பிள்ளைகள் வேலை நிமித்தம் வெளியூர் செல்வர். இங்கே தங்குவோர் பெற்றோர். அவர்களுக்குப் படியேறாமல் படுக்கையறையும் குளியலறையும் கீழேயே வேண்டும். படிக்கட்டை வெளிப்புறமாக வைத்து, மேலே மற்றொரு தளம் தாங்கும்படி கடைக்காலையும் தூண்களையும் இப்போதே பொறியாளரைக் கொண்டு கணக்கிட்டுக் கொண்டால், மாடியைப் பிள்ளைகள் தம் சம்பாத்தியத்தில் கட்டிக்கொள்வர். மாடிக்காக இன்று கடன்பட வேண்டுவதில்லை.

வெறுங் காங்கிரீட் சித்திரையில் அடுப்பாகும். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய முறை இதற்கு இன்றும் ஏற்றது. வாட்டத்தைக் குழாய் இருக்கும் பக்கமாகவே விடுக. வற்றாத ஆறில்லாத மாவட்டம் நமது. 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 600 சதுர அடிக் கூரையில் 500 லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. அதைத் தெருவில் விட்டுவிட்டு மறுநாள் டாங்கர் லாரிக்குப் பணம் கொடுப்பானேன்? முற்றத்துச் சம்புக்குக் குழாய் இழுக்கும் செலவு, முன்வாசல் கிரில்லின் விலையில் சிறு பகுதியே. கதவு சன்னலுக்கு மரமா இரும்பா என்று கேட்டு எழுதியவர்களுக்கு அடுத்த திங்கள் விடையிறுப்போம்.