மாடு கழித்த வைக்கோலில் காய்கறி

“மழைக்காலத்தில் கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கி, கத்தரியும் மிளகாயும் வேரழுகிப் போகின்றன. வைக்கோல் கட்டின் மேலேயே காய்கறி வளர்க்கலாம் என்கிறார்கள். நம் பகுதிக்குச் சரிவருமா?”
- வாசகி, கயத்தாறு.

சரிவரும். ஆனால், மாடு தின்னும் நல்ல வைக்கோலை இதற்குச் செலவழிக்கக் கூடாது. அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஜோயல் கார்ஸ்டன் பரப்பிய முறை இது. அங்கே கோதுமை வைக்கோல் பெரும்பாலும் கால்நடைகளுக்குப் படுக்கை. கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் வைக்கோல்தான் கோடைத் தீவனம். எனவே, மழையில் நனைந்து, மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும் கட்டுகளே போதும். பூசணம் பிடித்த கட்டைக் கையாளும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது.

குப்பைமேட்டில் விழுந்த பூசணி விதை கொழுத்துப் படர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மட்கும் வைக்கோல் ஈரத்தைப் பிடிக்கும். மிகுந்த நீரை வடித்துவிடும். வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

தயாரிப்பு: புரட்டாசிக் கடைசியில் தொடங்கலாம். கட்டுக் கயிறு மண்ணில் படாதபடி கட்டை நிறுத்தி, மூன்று நாள் நன்றாக நனைக்க வேண்டும். உதிரி வைக்கோல் என்றால், பருத்திமார் படல் கட்டி உள்ளே மிதித்து அடைக்கலாம். வைக்கோலில் தழைச்சத்து குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருப்பதையும் இழுத்துக்கொள்வதால், அப்படியே நட்டால் செடி மஞ்சளாகிவிடும். 15 கிலோ கட்டுக்கு 150 கிராம் யூரியாவை மூன்று பங்காக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் தூவி நீர் ஊற்ற வேண்டும். இயற்கை வழியில் செய்வோர் 1 கிலோ கடலைப்புண்ணாக்கை ஊறவைத்துச் சாணக் கரைசலோடு ஊற்றலாம்.

கட்டின் உள்ளே கைவைக்க முடியாத சூடு கிளம்பும். சுமார் 12 நாளில் சூடு தணியும். வெதுவெதுப்பாக இருக்கும்போது குழி பறித்து, ஒரு கை மட்கிய எரு போட்டு நாற்று நடலாம். ஒரு கட்டுக்குத் தக்காளி, கத்தரி என்றால் 2, மிளகாய் 3. கீரை விதைக்க, மேலே இரண்டு விரல் கனத்துக்கு எருவும் மண்ணும் பரப்ப வேண்டும். மழை இல்லாத நாளில் உள்ளே விரல்விட்டு ஈரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் போதும். சித்திரை, வைகாசியில் இந்த முறை வேண்டாம், தண்ணீர் கட்டுப்படியாகாது.

கவனிக்க வேண்டியவை: யூரியா தூவிய கட்டை ஆடு, மாடு கடித்தால் உயிருக்கே ஆபத்து; வேலி அவசியம். களைக்கொல்லி அடித்த வயல் வைக்கோல் தக்காளியைச் சுருட்டிவிடும். சந்தேகம் இருந்தால், நாற்று நடும் முன் கட்டில் நாலு தட்டைப்பயறு விதைத்துப் பார்க்கலாம். இலை சுருளாமல் வந்தால் நடலாம். கட்டில் முளைக்கும் காளான் செடிக்குக் கெடுதல் செய்யாது. ஆனால், சமைக்கக் கூடாது.

முதல் வருடம் இரண்டு கட்டுகள் போதும். மாசியில் காய்ப்பு ஓய்ந்ததும் மட்கிய வைக்கோலைக் கரிசலில் கலந்து உழுதுவிட்டால், அடுத்த விதைப்புக்கு அதுவே எரு.