மன்னிப்பு அடுப்பிலே தெரிய வேண்டும்!

"நிறை இருந்தால் பிறரிடம் சொல்லுங்கள். குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்."

தமிழ்நாட்டு ஓட்டல்கள் பலவற்றில் இப்படி ஒரு பலகை தொங்கும்.

இன்று குறையும் பிறரிடம்தான் முதலில் போகிறது! தோசை கருகி விட்டதா? செல்போனில் ஒரு படம் எடுக்கிறார்கள். பேஸ்புக்கில் நாலு வரி எழுதுகிறார்கள். கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்து விடுகிறது.

இதற்குப் பதில் எழுதவென்றே பெரிய உணவுக் கம்பெனிகள் ஆட்களை வைத்திருக்கின்றன. "வருந்துகிறோம். உங்கள் செல்போன் எண்ணைத் தனியாக அனுப்புங்கள்" என்று பதில் வருகிறது. பத்துப் பேர் பத்து விதமாகக் குறை சொன்னாலும், பத்துப் பேருக்கும் அதே பதில்தான்!

இது பதில் ஆகுமா? ஆகாது. எது உண்மையான பதில் என்பதை, அமெரிக்காவில் ஒரு கம்பெனி அடிபட்டுத் தெரிந்து கொண்டது.

இருவர் செய்த வேலை

அந்தக் கம்பெனியின் பெயர் டாமினோஸ். பீட்சா என்ற ரொட்டியைச் சுட்டு விற்பது அதன் தொழில். 1960-ல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரே ஒரு கடையாகத் தொடங்கியது.

2009 ஏப்ரல் மாதம். வடக்கு கரோலினா மாநிலத்தில் ஒரு டாமினோஸ் கடை. அங்கே இரண்டு ஊழியர்கள் உணவை அசுத்தம் செய்து, அதை வீடியோ எடுத்து, யூடியூபில் போட்டு விட்டார்கள். "விளையாட்டுக்குச் செய்தோம், அந்த உணவை யாருக்கும் கொடுக்கவில்லை" என்று பிறகு சொன்னார்கள். ஆனால் சில நாட்களுக்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் அந்த வீடியோ பார்க்கப்பட்டு விட்டது!

பதில் சொன்னால் விஷயம் இன்னும் பரவுமே என்று கம்பெனி முதலில் தயங்கியது. வாயை மூடிக்கொண்டும் பயன் இல்லை. முடிவில், அமெரிக்கப் பிரிவின் தலைவர் பாட்ரிக் டாயில் தாமே யூடியூபில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். எந்த இடத்தில் மானம் போனதோ, அந்த இடத்திலேயே வந்து பேசினார். ஊழியர்கள் இருவரும் நீக்கப்பட்டனர். அவர்கள் மீது வழக்கும் போடப்பட்டது.

அட்டை போன்ற ரொட்டி

அது இரண்டு பேர் செய்த குற்றம். ஆனால் இன்னொரு புகார் கம்பெனியின் பேரிலேயே இருந்தது. "ரொட்டி அட்டையைக் கடிப்பது போல் இருக்கிறது" என்று மக்கள் சொன்னார்கள்.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கோபப்படவில்லை. மாவு, தக்காளிக் குழம்பு, பாலாடைக்கட்டி மூன்றையும் மாற்றியது. அதோடு, மக்கள் திட்டியதைத் தன் விளம்பரத்திலேயே காட்டியது! "நீங்கள் சொன்னது சரி. மாற்றி விட்டோம். சாப்பிட்டுப் பாருங்கள்" என்பதுதான் அந்த விளம்பரத்தின் சாரம்.

2010-ம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், அமெரிக்காவில் ஏற்கனவே இருந்த கடைகளின் விற்பனை, முந்திய ஆண்டைவிட 14.3 சதவிகிதம் உயர்ந்தது. 2011-ல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பெரிய பலகை வைத்து, மக்கள் எழுதிய புகழ்ச்சியையும் திட்டையும் சேர்த்தே காட்டினார்கள்.

குறையை மறைத்தவனைவிட ஒப்புக்கொண்டு திருத்தியவனிடம் ஜனங்கள் போகிறார்கள்.

யார் தலை உருளுவது?

வேறொரு வகைப் பதிலும் உண்டு. புகார் வந்ததும் கீழே உள்ள ஊழியரின் சீட்டைக் கிழிப்பது!

2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் அப்படி நடந்தது. சொமாட்டோ என்பது ஓட்டல் உணவை வீட்டுக்குக் கொண்டு வந்து தரும் கம்பெனி. வாடிக்கையாளர் ஒருவர், வந்த உணவில் ஒரு பண்டம் குறைகிறது என்று முறையிட்டார். பதில் சொன்ன ஊழியரோ, "இந்தி தேசிய மொழி, எல்லோரும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்" என்று எழுதினார். அரசியல் சட்டத்தில் தேசிய மொழி என்று எந்த மொழியும் சொல்லப்படவில்லை. தமிழர்கள் கொதித்தார்கள்.

கம்பெனி தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. ஊழியரை நீக்கியது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல், இது வேலையை விட்டு நீக்கும் அளவு குற்றம் அல்ல என்று கூறி, மீண்டும் சேர்த்துக்கொண்டார்.

சேர்த்துக்கொண்டது சரியே. தமிழ் தெரியாதவரைத் தமிழருக்குப் பதில் சொல்ல வைத்தது யார்? அந்த ஏற்பாடு மாறாமல் ஆளை மட்டும் மாற்றினால், அடுத்த ஆளும் அதே தவறைத்தானே செய்வார்? கோவையில் தமிழ் உதவி மையம் அமைத்து வருவதாகக் கம்பெனி சொன்னதே, அதுதான் பொருத்தமான பதில்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். ஒரு பொய்ப் புகாரைப் பெரிய கம்பெனி தாங்கிக்கொள்ளும். தெருமுனை இட்லிக்கடை தாங்காது. அதை நம்பி ஒரு குடும்பமே இருக்கும்.

முதலாளிகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். "வருந்துகிறோம்" என்று எழுத ஒரு நிமிஷம் போதும். சாம்பார் ருசியாக இருக்கிறதா என்பதை, மறுநாள் சாப்பிட வருகிறவரின் நாக்கு சொல்லி விடும்!