சொல்லப்படாத வடு

தமிழிலக்கியம் முலையைப் பாடக் கூசியதில்லை. கண்ணகி தன் முலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள். மகன் புறமுதுகிட்டிருந்தால் பாலூட்டிய முலையை அறுப்பேன் என்றாள் புறநானூற்று மூதாட்டி. சினத்தால் இழப்பதைக் காவியமாக்கிய நாம், நோயால் இழப்பதை மட்டும் ‘கட்டி எடுத்தார்கள்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். எங்கள் மாங்காட்டிலும் இதுவே வழக்கு. கட்டி தட்டுப்பட்டும் மருத்துவரிடம் செல்லத் தயங்கிக் கழியும் மாதங்களே இக்கூச்சத்தின் விலை.

1978இல் முலையொன்றை இழந்த அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட், செயற்கை மார்பகம் அணிய மறுத்தார். அவ்வனுபவத்தை 1980இல் நூலாக்கினார். இங்கே நடிகை கௌதமி தம் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 2019ஆம் ஆண்டின் உலகப் புற்றுநோய் நாளன்று எழுத்தாளர் தாஹிரா காஷ்யப் தம் முதுகு வடுவைப் படமாகவே வெளியிட்டார்.

மறுசீரமைப்புச் செய்துகொண்டவர் சொல்ல வேண்டியது இன்னும் மிகுதி. முதுகுத் தசையையோ வயிற்றுத் திசுவையோ கொண்டு மார்புக்கு வடிவம் தந்துவிடலாம். பழைய தொடுவுணர்வு பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. உருவம் மீண்டும் உணர்வு மீளாத அந்நிலைக்கு நம் மொழியில் சொல் வேண்டாமா? அச்சொல்லைப் பட்டவரே தர இயலும். லார்டைப் போல் மறுப்பதும், மறுசீரமைப்பை ஏற்பதும் அவரவர் உரிமை. எழுத முன்வரும் பெண்ணிடம் ‘இதையெல்லாமா எழுதுவது?’ என்று கேளாதிருத்தல் வாசகராகிய நம் கடமை.