முகத்தை நம்பும் சேமிப்பு

மக்கள் எப்படிச் சேமிக்கிறார்கள் என்பதையும், இழப்பு நேரக்கூடும் என்று அறிந்தும் எதில் பணம் போடத் துணிகிறார்கள் என்பதையும் வருமானமும் வட்டி விகிதமும் மட்டுமே தீர்மானிப்பதில்லை. யாரை நம்பலாம், நொடித்துப்போனால் யார் தாங்குவார் என்பது குறித்து ஒரு சமூகம் வழிவழியாகக் கொண்டிருக்கும் புரிதலுக்கும் அதில் பெரும் பங்குண்டு. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளுக்கும் நடுவே அமைந்த திருமுல்லைவாயில் போன்ற ஊர்களில், சேமநிதியும் ஓய்வூதியமும் உள்ள குடும்பமும் வாரக்கூலியை நம்பிய குடும்பமும் ஒரே தெருவில் வாழ்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் சேமிப்பு முறை சீட்டு.

இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டில், அவசரத் தேவையுள்ள ஒருவர் 20,000 ரூபாய் தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 80,000 வரும். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 15,000 இருபது பேருக்கும் தலைக்கு 750 ரூபாயாகக் கழிவாகிறது. கடனும் சேமிப்பும் ஒன்றாகவே நிகழும் இந்த ஏற்பாட்டில் யார் எடுத்தார், யார் பாக்கி என்பது மாதந்தோறும் எல்லாருக்கும் தெரியும் என்பதே அதன் உண்மையான பிணை.

எல்கே வெபர், கிறிஸ்டோபர் ஷீ என்னும் ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் சீனரையும் அமெரிக்கரையும் ஒப்பிட்டு, பண விஷயத்தில் சீனரே கூடுதலாகத் துணிகிறார்கள் என்று கண்டனர். விழுந்தால் உறவுகள் தாங்கிக்கொள்ளும் என்னும் உறுதியே அதற்குக் காரணமாகலாம் என்ற அவர்களது விளக்கம் ‘மெத்தைக் கருதுகோள்’ எனப்படுகிறது. தம்பியின் பட்டறைக்காக அக்காவின் வளையல் அடகுக்குப் போகும் தமிழ்க் குடும்பத்துக்கு இது புதிய செய்தியன்று. இங்கே நகை என்பது அணியாகவும் உறவினர் அனைவருக்குமான அவசர நிதியாகவும் ஒருங்கே இருப்பது.

2022இல் வெளிப்பட்ட ஆருத்ரா கோல்டு மோசடியை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். மாதம் 25 முதல் 30 விழுக்காடு தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு கூறுகிறது. பணம் இழந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது எளிது, ஆனால் அது நியாயமற்றது. இத்தகைய திட்டங்களைக் கொண்டுவரும் முகவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரராகவோ சொந்தக்காரராகவோ இருக்கிறார். சீட்டில் பழகிய மனம் அவர் முகத்தை நம்புகிறது. ஆனால் சீட்டில் அந்த முகத்தோடு சேர்ந்திருந்த கண்காணிப்பு, அதாவது எல்லார் கணக்கும் எல்லாருக்கும் தெரிகிற நிலை, இங்கே இல்லை; பணம் தெருவைத் தாண்டியபின் எங்கே போகிறது என்பதை முகவரும் பல சமயம் அறிவதில்லை. ‘ஏமாறாதீர்’ என்று மட்டும் சொல்லும் விழிப்புணர்வு விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைத் தொடுவதேயில்லை.

சட்டமும் தன் பங்குக்கு விலகியே நிற்கிறது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் முன் அனுமதி பெற்று, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் வைத்தாக வேண்டும். லட்ச ரூபாய்ச் சீட்டு நடத்த லட்ச ரூபாயை முடக்கும் வசதி நிறுவனங்களுக்கு உண்டு, தெருவில் சீட்டு நடத்தும் பெண்ணுக்கு இல்லை; ஆகவே நாணயமாக நடக்கும் சிறு சீட்டும் பதிவுக்கு வெளியே, மோசடித் திட்டங்கள் நிற்கும் அதே இருட்டில் நின்றுவிடுகிறது. உறுப்பினர் எண்ணிக்கைக்கும் தொகைக்கும் ஓர் உச்சவரம்பு வைத்து, முழுப் பிணையின்றி, மாதக் கணக்கைப் பதிவாளருக்குக் காட்டினால் போதும் என்னும் எளிய பதிவு முறையொன்றைச் சிறு சீட்டுகளுக்கென அரசு உருவாக்க வேண்டும்.