இண்டர்லோக்: நாம் கோபப்பட்டது எதற்காக?

இண்டர்லோக் நாவலைப் பள்ளியிலிருந்து எடுத்தது சரி. எடுக்கச் சொல்லி நாம் முன்வைத்த காரணம் தவறு. இதைச் சொன்னால் இன்றும் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

உங்களில் பலர் அப்போது தமிழ்ப்பள்ளியில் இருந்திருப்பீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளிவந்த மலாய் நாவல் அது. ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் குடும்பம், ஓர் இந்தியக் குடும்பம்; கடைசியில் மூன்றின் கதையும் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். ஆசிரியர் பின்னாளில் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர். 2011இல் நாவலின் மாணவர் பதிப்பு ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடமானது. எல்லா மாநிலத்திலும் இல்லை. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, அப்புறம் நம்ம நெகிரி செம்பிலான். 'ஒரே மலேசியா' முழக்கம் சுவரெல்லாம் ஒட்டியிருந்த காலம். இன ஒற்றுமையைக் கற்றுத்தரும் நூல் என்றுதான் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள்.

அதில் மணியத்தின் கதை வரும் பகுதியில், கப்பலேறி வந்தவர்கள் 'பறையா' சாதி, அதனால் தீட்டு பற்றிய பயமில்லாமல் ஒருவரோடு ஒருவர் பழகினார்கள் என்கிற பொருளில் சில வரிகள் உண்டு. அதுதான் பற்றிக்கொண்டது. ஜனவரியிலேயே கிள்ளானில் புத்தகத்தை எரித்தார்கள். அமைச்சு ஒரு குழு போட்டது. திருத்துவதா எடுப்பதா என்று வருடம் முழுக்க இழுத்து, டிசம்பரில் எடுப்பதாக அறிவித்தார்கள். பதிலுக்கு வந்ததும் அதே ஆசிரியரின் வேறொரு நாவல்தான்.

எடுத்தது ஏன் சரி? நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கிறார்கள். மலாயில் அந்தச் சொல் ஏற்கெனவே வசவு. மறுநாள் கேண்டீனில் என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. சாதி என்றால் என்ன, அதை யார் உண்டாக்கினார்கள், யார் முதுகில் அது ஏறி நின்றது என்று அந்த வரிகள் விளக்கவில்லை. முத்திரை குத்திவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. பதினேழு வயதுப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு பரீட்சை எழுத வேண்டும்.

ஆனால் மேடையிலும் நாளிதழிலும் கோவில் மண்டபத்திலும் நான் அதிகம் கேட்டது வேறு. "நம்மள எப்படி அந்தச் சாதின்னு சொல்லலாம்?" தோட்டத்துக்கு எல்லாச் சாதியும்தான் வந்தது என்று பட்டியல் போட்டார்கள். அது உண்மைதான். அந்த உண்மையைச் சொன்ன தொனியைத்தான் கேட்கிறேன். பொய்க்குற்றம் சுமத்தப்பட்டவனின் தொனி அது. பறையராகப் பிறப்பது என்ன குற்றம்?

அந்த வருடம் சிரம்பானில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். "நாங்கள்லாம் அது இல்ல டீச்சர், எழுதினவருக்கு வரலாறு தெரியல" என்றான் ஒரு பையன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் ஒருவன் நோட்டுப் புத்தக ஓரத்தில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தான். அவன் தாத்தா பாட்டி எந்த லயத்தில் இருந்தவர்கள் என்பது அந்த அறையில் அவனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அவனை நாவல் ஒருமுறை அவமதித்தது. அதை எதிர்த்த கூட்டம் இன்னொரு முறை அவமதித்தது. அவன் கையில் கொடுக்க என்னிடம் ஒரு தமிழ்ச் சிறுவர் புத்தகம்கூட இல்லை.

கங்காணி முறையில் ஆள் சேர்த்தது 1938இல் இந்திய அரசு தடை போட்டதோடு முடிந்தது. கங்காணி கூட்டிவந்த ஆட்களோடு சாதியும் கப்பலேறியது. தனி லயம், தனிக் கிணறு, கோவிலில் தனி இடம் என்று பழைய தோட்டங்கள் இருந்ததைப் பெரியவர்களிடம் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். குரல் தாழ்கிற அந்த இடத்தில்தான் நம் சிறுவர் இலக்கியம் தொடங்கியிருக்க வேண்டும். நாமோ நீதிக்கதையும் ராஜா கதையும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒற்றுமைப் புத்தகங்களோ இன்னும் மோசம். அட்டையில் சொங்கோக் போட்ட ஒரு பையன், பொட்டு வைத்த ஒரு பெண், ஒரு சீனப் பிள்ளை. மூன்று பேரும் கைகோத்துச் சிரிப்பார்கள். உள்ளே யாரும் யாரையும் திட்டவே மாட்டார்கள். 'கெலிங்' என்ற சொல்லைக் கேட்டு வீட்டுக்கு வந்து அழுகிற பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? பள்ளியிலும் அதே கூத்து. முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்விக்கு எழுந்து போவார்கள், மற்றவர்கள் நன்னெறிக் கல்விக்கு உட்காருவார்கள். பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்த பிறகுதான் சகிப்புத்தன்மைப் பாடமே ஆரம்பிக்கிறது.

சரி, நாம் என்ன யோக்கியம்? நீலாய், லாபு பக்கம் பழைய தோட்டங்கள் பல தாமான்களாகிவிட்டன. மிச்சமிருக்கும் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் வங்கதேசத்தவரும் இந்தோனேசியரும். நம் பாட்டிகள் பிள்ளை பெற்ற லயத்து வீடுகளில் இன்று அவர்கள் குடியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அவர்களை என்ன பெயரிட்டுக் கூப்பிடுகின்றன? "அந்த பங்ளா" என்று முகம் சுளிக்க யார் கற்றுக்கொடுத்தது? அதுக்கும் ஒரு மலாய் எழுத்தாளரையா கைகாட்டப் போகிறோம்?

"பிள்ளைங்களுக்குச் சாதியே தெரியாது, எதுக்கு எழுதி ஞாபகப்படுத்தணும்?" என்று உடனே ஒரு கேள்வி வரும். தெரியாது என்பது பொய். அர்த்தம் தெரியாமல் அது அசிங்கம் என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார்கள், அதுதான் ஆபத்து. மிச்சத்தைக் கல்யாணப் பேச்சு வரும்போது அப்பாவும் அம்மாவுமே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு எழுத முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. தோல் பதனிடுகிறவர், குயவர், துணி வெளுப்பவர், முடி வெட்டுகிறவர் ஆகியோரின் அறிவு என்ன என்று காஞ்சா அய்லய்யா 2007இல் சிறுவர்களுக்கே ஒரு நூல் எழுதினார், துர்காபாய் வியாமின் ஓவியங்களோடு. மகாஸ்வேதா தேவியின் கதையில் ஒரு பழங்குடிச் சிறுமி, நான் ஏன் அடுத்தவர் மிச்சத்தைச் சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சென்னையின் தூலிகா அதைப் படப் புத்தகமாகவே கொண்டுவந்தது. படித்து எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை.

ஆகவே அடுத்த சிறுவர் கதைப் போட்டிக்கு நடுவராக உட்காரப்போகும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒற்றுமையே பலம் என்ற தலைப்பைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். தாத்தாவுக்கு ஏன் தனிக் கிணறு என்று கேட்கிற பேத்தியை எழுதச் சொல்லுங்கள். லயத்துக்கு வெளியே கிரிக்கெட் ஆடும் வங்கதேசத்து அண்ணனிடம் பேர் கேட்கிற பையனை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, பரிசு கொடுங்கள்.